துரை பங்களாக் கதிரைக்கு ஊர் எது?

இலங்கை மலையகத்தில் கோப்பி அழிந்த கதை நமக்குத் தெரிந்ததுதான். 1869இல் இலைத்துரு நோய் தலைகாட்டியது. இருபது ஆண்டுகளுக்குள் கோப்பி இருந்த சரிவுகளில் தேயிலை ஏறிவிட்டது. அந்தக் கதையின் வாலில் ஒரு துணுக்கு ஒட்டிக்கொண்டிருக்கிறது. பட்டுப்போன கோப்பி மரங்களைப் பட்டை உரித்து, தண்டுகளைக் கப்பலேற்றி இங்கிலாந்துக்கு அனுப்பினார்களாம். அங்கே அவை தேநீர் மேசைகளுக்குக் கால்களாயினவாம். தேயிலை வரலாறு எழுதுகிறவர்கள் விடாமல் சொல்லிவரும் செய்தி இது. அதிலுள்ள நகைமுரண் அவர்களுக்குப் பிடித்துப்போயிருக்க வேண்டும். ஆனால் அப்படி ஒரு மேசை இன்று ஏதோ ஓர் ஆங்கிலேய வீட்டு மூலையில் நின்றால், அதன் கால் டிம்புளையில் வளர்ந்தது என்று யார் சொல்ல முடியும்? அடியில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தால் சொல்லலாம். யாரும் ஒட்டவில்லை.

மலையகத்துப் பழந்தளபாடங்களைப் பற்றி எழுத உட்கார்ந்தால் முதலில் வந்து நிற்பது இந்தச் சீட்டுப் பிரச்சினைதான். பழைய தளபாட வியாபாரத்தில் மரத்துக்கு ஒரு விலை, அதன் பூர்வீகத்துக்கு இன்னொரு விலை. இரண்டாவது விலைதான் எப்போதும் பெரியது.

இதை நிரூபித்துக் காட்டியவர்கள் அமெரிக்கக் குடும்பக் கடைக்காரர்கள். லித்துவேனியாவில் தச்சு வேலை பழகிய இஸ்ரேல் சாக் என்ற யூத இளைஞர் 1903இல் போஸ்டனுக்கு வந்து சேர்ந்தார். இரண்டு வருடத்தில் சொந்தப் பட்டறை. பழைய சாமான்களைப் பழுதுபார்த்துக் கொடுத்தவர், அவற்றின் அருமை தெரிந்து தாமே வாங்கி விற்கத் தொடங்கினார். ஹரோல்ட், அல்பர்ட், ராபர்ட் என்று மூன்று மகன்களும் அதே தொழிலுக்கு வந்தார்கள். அல்பர்ட் 1950இல் ஒரு நூல் எழுதினார். ஒரே வகைக் கதிரையில் மூன்றை எடுத்து நல்லது, அதைவிட நல்லது, ஆகச் சிறந்தது என்று படங்களை அருகருகே வைத்து, காலின் வளைவும் முதுகுப் பலகையின் அளவும் எங்கே வேறுபடுகின்றன என்று காட்டும் நூல். அமெரிக்கச் சேகரிப்பாளர்களின் கண்ணைப் பழக்கியது அதுதான்.

1989இல் அந்தக் கண்ணுக்குப் பெரிய விலை கிடைத்தது. ரோட் ஐலண்ட் மாநிலத்தின் நியூபோர்ட் நகரில் 18ஆம் நூற்றாண்டில் செய்யப்பட்ட ஓர் எழுதுமேசையும் புத்தக அலுமாரியும் சேர்ந்த உருப்படி, கிறிஸ்டீஸ் ஏலத்தில் 1 கோடியே 21 இலட்சம் டொலருக்குப் போனது. கேட்டு எடுத்தவர் ஹரோல்ட் சாக். மகோகனி மரத்துக்கு யாரும் அவ்வளவு கொடுக்கமாட்டார்கள். கொடார்ட், டவுன்சென்ட் என்ற இரண்டு தச்சர் குடும்பங்களின் கைவழக்கம் அதில் தெரிந்தது. நிக்கொலஸ் பிரவுன் என்ற வணிகருக்காகச் செய்யப்பட்டது என்பதும், அந்தக் குடும்பத்திலேயே தலைமுறை தலைமுறையாக இருந்தது என்பதும் தெரிந்திருந்தன. யார் செய்தது, யாருக்குச் செய்தது, எங்கே நின்றது, எப்படிக் கைமாறியது. நான்குக்கும் விடை இருந்தது; அந்த விடைதான் விலை.

விடை இருக்கும் இடத்தில் பொய்விடையும் முளைக்கும். அதே ரோட் ஐலண்டில் ஆர்மண்ட் லாமொண்டேன் என்ற சிற்பி, 17ஆம் நூற்றாண்டுக் கதிரை ஒன்றைத் தாமே செய்து, அடித்து, புகையூட்டி, பழசாக்கிச் சந்தையில் நழுவவிட்டார். 1970இல் ஹென்றி ஃபோர்ட் அருங்காட்சியகமே அதை அசல் என்று நம்பி வாங்கியது. வல்லுநர்களை மட்டம்தட்டத்தான் செய்தேன் என்று அவர் பிறகு சொன்னார். துளைகளை வேண்டுமென்றே நவீனத் துளைக்கருவியால் போட்டிருந்தார். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தபோது குட்டு வெளிப்பட்டது. எழுத்தில் பூர்வீகம் இல்லாத பொருளிடம் உண்மை கேட்டால், ஓட்டைக்குள் எட்டிப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

இனி நம் மலைக்கு வருவோம்.

ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் காலத்தில், 1824 வாக்கில், கம்பளைக்கு அருகே சிங்கப்பிட்டியவில் ஜோர்ஜ் பேர்ட் கோப்பி நட்டார். அதிலிருந்து அரை நூற்றாண்டு வரையிலான துரை பங்களா, இன்றைய சுற்றுலாப் படங்களில் வரும் பங்களா இல்லை. காட்டை வெட்டி எரித்த வெளியில் மரத்தூணும் மண்சுவரும் புல்லுக் கூரையுமாக நின்ற குடிசை அது. மேசை என்பது கப்பலில் சாமான் வந்த பெட்டி. கதிரை என்பது அதைவிடச் சிறிய பெட்டி. 1866இல் சபோனடியர் என்ற தோட்டக்காரர் கோப்பிப் பயிர்ச்செய்கை பற்றி எழுதிய கைந்நூலில் துரைக்கு பங்களா, கூலிகளுக்கு லயம், கோப்பிக்கு ஸ்டோர் என்று கட்டடங்களும் பேசப்படுகின்றன. மலைக்கு வந்த வெள்ளையர் அந்த வரிசையிலேயே மனதிலும் வீடு கட்டினார்கள்.

பாதை போட்ட பிறகு மாட்டுவண்டி வந்தது. வண்டிப்பாதை முடிந்த இடத்திலிருந்து பங்களா வரைக்கும் எல்லாமே தலைச்சுமை, தோள்சுமை. ஒரு சாப்பாட்டு மேசைக்கு எத்தனை பேர், எத்தனை மைல் என்று எந்தக் கணக்குப்புத்தகமும் வரலாற்றுக்காக எழுதிவைக்கவில்லை. கொழும்பிலிருந்து கண்டிக்கு ரயில் 1867இல் வந்தது, ஹட்டனுக்கு 1884இல், நானுஓயாவுக்கு 1885இல். கனத்த அலுமாரியும் பியானோவும் இரும்புக்கட்டிலும் மலைக்கு ஏறுவது அதன்பிறகே சுலபமானது. ஹட்டன், நுவரெலியாப் பங்களாக்களில் இன்று எஞ்சியுள்ள பழந்தளபாடங்களில் பெரும்பங்கு, ரயிலுக்கும் இரண்டாம் உலகப்போருக்கும் இடைப்பட்டதாக இருப்பதில் வியப்பில்லை. “டச்சுக் காலத்துச் சாமான்” என்று ஒருவர் ஹட்டனில் விற்க வந்தால் கொஞ்சம் யோசியுங்கள். டச்சுக்காரர் 1658 முதல் 1796 வரை ஆண்டது கரையோரத்தை. மலைக்கு அவர்கள் தளபாடம் கொண்டுவரவில்லை. கொண்டுவந்தது பிறகு வந்தவர்கள்.

ரயிலுக்கு முந்திய ஆண்டுகளில் வந்து சேர்ந்த சாமான்களில் விசித்திரமானது ஒன்று உண்டு. புகழ்பெற்ற ஒளிப்படக் கலைஞர் ஜூலியா மார்கரட் கமரோன் 1875இல் கணவரோடு இலங்கைக்குப் புறப்பட்டபோது, இருவருக்குமாக இரண்டு சவப்பெட்டிகளையும் கப்பலில் ஏற்றினார். பெட்டியைக் காலியாக விடுவானேன் என்று உள்ளே கண்ணாடிச் சாமான்களையும் பீங்கானையும் அடுக்கினார்கள் என்பார்கள். 1879 ஜனவரியில் டிக்கோயாவில் காலமான அவர், பொகவந்தலாவை புனித மரியாள் தேவாலய வளவில் அடக்கமாகியிருக்கிறார். மலையகத்துக்கு வந்த தளபாடங்களில் வரவு, பயன்பாடு, முடிவு மூன்றும் தெளிவாகத் தெரிந்தவை ஒருவேளை அந்தப் பெட்டிகள் மட்டும்தானோ என்று தோன்றுகிறது.

சரி, யார் செய்தார்கள்? இங்கிலாந்திலிருந்து வந்தவை சில. பெருவாரியானவை தீவுக்குள்ளேயே செய்யப்பட்டவை. மொரட்டுவைத் தச்சர்களின் பெயர் அப்போதே நாடெங்கும் பரவியிருந்தது. வண்டி கட்டினார்கள், கோப்பி ஸ்டோர் கட்டினார்கள், கட்டிலும் கதிரையும் செய்தார்கள். காலியில் கருங்காலிச் செதுக்கு வேலையும், பலநிற மரத்துண்டுகளைப் பதித்துச் செய்யும் மேசை வேலையும் ஓங்கியிருந்தன. கொழும்பில் ஒரு குடும்பக் கடை இருந்தது: எச். டொன் கரோலிஸ் அன்ட் சன்ஸ். 1860இல் தொடங்கியது. மாத்தறையிலிருந்து வந்த ஹேவாவிதாரண டொன் கரோலிஸ் புறக்கோட்டையில் நடத்திய அந்தத் தளபாட வியாபாரம் வெளிநாட்டு ஏற்றுமதி வரை வளர்ந்தது. அவருடைய மூத்த மகன்தான் அநகாரிக தர்மபால. கதிரை விற்ற காசு மகாபோதி சங்கத்துக்கும் உதவியது. மகன் 1893இல் சிகாகோ சர்வசமயப் பேரவையில் பேசினார். சிங்கள பௌத்த மறுமலர்ச்சியைப் பற்றி எழுதுகிறவர்கள் அதன் பின்னால் இருந்த மரக்கடையை ஒரு வரியில் தாண்டிப் போய்விடுகிறார்கள். ஒரு வரி போதாது என்பது என் எண்ணம்.

இவர்களுக்கு அப்பால் மூன்றாவது ஆள் ஒருவர்: தோட்டத்துத் தச்சர். ஸ்டோரில் பலகை பிளந்தால், வாடுதட்டு சாய்ந்தால், பங்களா ஜன்னல் இறுகினால் கூப்பிடப்படுகிறவர். துரைசாணி படத்தில் காட்டிய ஒரு சிறுமேசையைப் பார்த்துச் செய்து கொடுத்தவரும் அவரே. தோட்டத்துப் பலாவிலும் நிழல்மரமான கிரெவிலியாவிலும் அவர் கைவேலை இன்னும் பங்களாக்களின் பின்னறைகளில் நிற்கிறது. சம்பளப் பதிவேட்டில் அவருக்கு ஓர் இலக்கம் இருந்திருக்கும். தளபாட வரலாற்றில் அதுவும் இல்லை.

மரம் சில விஷயங்களைத் தானே சொல்லும். பலா புதிதில் மஞ்சள், ஆண்டுகள் ஏற ஏறச் செம்பழுப்பு. முதிரையில் ஒரு பட்டுப் பளபளப்பு உண்டு. கருங்காலி கனத்தாலேயே தெரியும். கறுப்பும் பழுப்பும் அலையலையாக ஓடும் கலமந்தர் மரத்தை ஐரோப்பா மிகவும் விரும்பியது. விரும்பியதன் விளைவாக 19ஆம் நூற்றாண்டிலேயே பெரிய மரங்கள் அரிதாகிவிட்டன. ஆனால் முன்பக்க மரத்தை மட்டும் பார்ப்பவர் ஏமாறுவார். லாச்சியை வெளியே இழுத்துக் கவிழ்த்து அடிப்பலகையைப் பார்க்க வேண்டும்; யார் கண்ணிலும் படாத இடத்துக்குத் தச்சர் கைக்குக் கிடைத்த உள்ளூர் மரத்தையே போடுவார். மேலே பர்மாத் தேக்கு, அடியில் உள்ளூர்ப் பலகை என்றால் செய்த இடம் ஓரளவு பிடிபடும். லாச்சி மூலையில் பற்கள் ஒன்றுக்குள் ஒன்று கோத்திருக்கும் விதமும் பேசும்: கையால் அறுத்தவை ஒரே அளவாக இரா. திருகாணியின் முனையும் ஒரு சாட்சி. கூர்முனைத் திருகாணிகள் இயந்திரத்தில் பெருவாரியாக வரத் தொடங்கியது 1840களின் பிற்பகுதிக்குப் பிறகு; அதற்கு முந்தியவை மொட்டையானவை. வட்டவாள் அறுத்த வளைகோடு பலகையில் இருந்தால், அதுவும் காலத்தைப் பின்னுக்குத் தள்ளவிடாது. இவற்றையெல்லாம் அமெரிக்க வியாபாரி தன் மகனுக்குக் கற்பித்தார். மொரட்டுவைத் தச்சரும் தம் மகனுக்குக் கற்பித்திருப்பார். விற்பதற்காக இல்லை, செய்வதற்காக.

எழுத்தில் பதியாத பொருளுக்கு வேறொருவரின் பூர்வீகம் ஒட்டிக்கொள்ளும் என்பதற்கு நம் பக்கத்திலேயே ஒரு பழைய சாட்சி இருக்கிறது. 18ஆம் நூற்றாண்டில் ஹொரஸ் வால்போல் என்ற ஆங்கிலப் பிரபு தம் ஸ்ட்ரோபெரி ஹில் மாளிகைக்குக் கருங்காலிக் கதிரைகளைத் தேடித்தேடி வாங்கினார். எட்டாம் ஹென்றி காலத்துக் கார்டினல் வுல்சியோடு தொடர்புள்ள ஒரு மாளிகையில் அப்படிப்பட்ட கதிரைகளைக் கண்டதால், இவை டியூடர் காலத்து ஆங்கில வேலை என்று முடிவுகட்டிவிட்டார். அவர் சொன்னதை நெடுங்காலம் பலரும் நம்பினார்கள். உண்மையில் அவை 17ஆம் நூற்றாண்டில் சோழமண்டலக் கரையில் நம்மூர்த் தச்சர்கள் ஐரோப்பிய வணிகருக்காகக் கடைந்து செதுக்கியவை. கதிரைக்கு வாய் இருந்தால் தமிழிலோ தெலுங்கிலோ அல்லவா பேசியிருக்கும்!

டச்சுக்கால இலங்கைத் தளபாடத்துக்காவது ஆட்கள் வாய்த்தார்கள். கொழும்பு அருங்காட்சியகத்தின் பணிப்பாளராக இருந்த ஜோசப் பியர்சன் ஐரோப்பியக் கதிரை வகைகளை ஆராய்ந்து எழுதினார். ஆர். எல். புரோஹியர் டச்சுக்காலத் தளபாடங்களுக்கென்றே நூல் எழுதினார். புறக்கோட்டையில் டச்சுக்கால அருங்காட்சியகம் 1982இல் திறக்கப்பட்டது. பிரித்தானியக் காலத்துக்கு வந்தால், இந்தியா, இலங்கை இரண்டின் தளபாடங்களையும் விரிவாக வகைப்படுத்தும் அமின் ஜாஃபரின் 2001ஆம் ஆண்டு நூல், லண்டனின் விக்டோரியா அல்பர்ட் அருங்காட்சியகத்திலும் அமெரிக்காவின் சேலம் நகரிலுள்ள பீபடி எசெக்ஸ் அருங்காட்சியகத்திலும் இருப்பவற்றின் பட்டியலாக அமைந்தது. நம் சேலம் இல்லை; மசசூசெட்ஸ் சேலம். இஸ்ரேல் சாக் கடை போட்ட போஸ்டனிலிருந்து எட்டிப்பிடிக்கும் தூரம். இலங்கைத் தச்சரின் கதிரைக்கு இலக்கமும் குறிப்பும் கிடைக்க அது அவ்வளவு தூரம் போக வேண்டியிருந்தது.

இங்கேயே தங்கியவை என்ன ஆயின? மாற்றலாகிப் போகும் துரை வீட்டுச் சாமானை ஏலம் போடுவது அந்தக் காலத்து வழக்கம். கொழும்பு ஏலக்கம்பனிகளுக்கு அது ஒரு நிலையான வரும்படி. 1892இல் தொடங்கிய ஷொக்மன் அன்ட் சமரவிக்கிரம இன்றும் இருக்கிறது. அப்படி ஏலத்தில் ஒரு பங்களாவிலிருந்து இன்னொரு பங்களாவுக்குக் கதிரைகள் மலைக்குள்ளேயே சுற்றின. பெரிய கலைப்பு 1970களில் வந்தது. 1972 காணிச் சீர்திருத்தச் சட்டம் தனியார் காணிக்கு 50 ஏக்கர் உச்சவரம்பு வைத்தது. 1975 திருத்தம் கம்பனித் தோட்டங்களை அரசுக்கு எடுத்தது. துரைகள் கப்பலேறினார்கள், தளபாடங்கள் அரசுக் கூட்டுத்தாபனங்களின் கணக்குக்கு வந்தன. 1992இல் நிர்வாகம் 22 பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் போனது. குத்தகைக் காலம் 53 ஆண்டு. ஒவ்வொரு கைமாற்றத்திலும் சாமான் பட்டியல் எழுதினார்கள்தான். “சாப்பாட்டு மேசை 1, கதிரை 8” என்று எழுதும் பட்டியலுக்கு, எட்டில் ஒன்று காலிக் கருங்காலியா நேற்றைய ரப்பர்ப் பலகையா என்பது தெரியாது. இலக்கம் சரியாக இருந்தால் கணக்குச் சரி. பட்டியல் பிழையின்றி இருக்கும்போதே பழையது போய்ப் புதியது வந்து நிற்பதற்கு இதைவிட வசதி வேறென்ன வேண்டும்?

அப்படி இறங்கிய சாமான்களுக்குக் கீழே சந்தை இருந்தது, இருக்கிறது. கொழும்பில் ரோ பிரதர்ஸ் போன்ற கடைகளும், அம்பலாங்கொடைப் பக்கம் காலி வீதியோரப் பழம்பொருள் வரிசையும் உல்லாசப் பயணிகள் கையேடுகளில் இடம்பெறுபவை. பழையதும், பழையதைப் பார்த்துப் புதிதாகச் செய்ததும் அருகருகே விற்பது இந்தத் தொழிலின் இயல்பு. புதியதைப் புதியதென்று சொல்லி விற்றால் அதில் குற்றமில்லை. மொரட்டுவைக் கைவேலைக்கு அதனால் இன்னும் சோறு கிடைக்கிறது.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவிலும் இதே வியாபாரம்தான். ஆனால் ஒரு வேறுபாடு. செட்டிநாட்டு வீடுகள் பங்கு பிரிந்தபோது பர்மாத் தேக்குக் கதவும் இலங்கை முதிரைத் தூணும் கடைக்கு வந்தன. இலங்கைத் தோட்டங்களுக்குக் கடன் கொடுத்த அதே நகரத்தார் வீட்டு மரங்கள் அவை. அங்கே விற்றவர் உடைமைக்காரர். எந்த ஐயாவின் வீட்டு முகப்பு என்பதாவது கடைக்காரர் வாயில் ஒரு தலைமுறை நிற்கும். மலையகத்தில் அந்தக் கதிரைகளை நூற்றைம்பது வருடம் தூக்கிச் சுமந்தவர்கள், துடைத்துப் பொலிஷ் போட்டவர்கள், பிரம்பு அறுந்தால் பின்னிக்கொடுத்தவர்கள் எவரும் அவற்றின் உடைமைக்காரராக இருந்ததில்லை. பங்களா அப்புவுக்கும் ஆயாவுக்கும் அந்த வீட்டின் ஒவ்வொரு மேசையின் வடுவும் தெரியும். விற்கும்போது அவர்களை யாரும் கேட்பதில்லை.

பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பிராவில் அவர்களுக்கென்று இருந்தது என்ன? பாய், தகரப்பெட்டி, அம்மி, சாமி படத்துக்கு ஒரு பலகை. தேயிலைப் பெட்டியின் மூவொட்டுப் பலகையைப் பிரித்துச் செய்த ராக்கையும் தடுப்பும். 1964 சிறிமா - சாஸ்திரி உடன்படிக்கைக்குப் பிறகு தலைமன்னாரில் கப்பலேறியவர்கள் தகரப்பெட்டியோடு போனார்கள். பலகை ராக்கை அடுத்த குடும்பத்துக்கு. அந்த ராக்கைகளில் கம்பனி முத்திரையும் தோட்டத்தின் பெயரும் அச்சாகியிருக்கும். எண்ணிப் பார்த்தால், எங்கே பிறந்தது என்று தன் உடம்பிலேயே எழுதிக்கொண்டு நின்ற தளபாடம் மலையகத்தில் அது ஒன்றுதான். அதை அடுப்பில் வைத்தோம்.

காப்பாற்றப்பட்டவை இல்லாமலில்லை. ஹப்புத்தளையில் சேர் தோமஸ் வில்லியர்ஸ் 1931இல் கட்டிய அதிசம் மாளிகை 1960களிலிருந்து பெனடிக்ட் சபைத் துறவியர் மடமாக இருக்கிறது. வரவேற்பறையும் நூலக அறையும் அந்தக் காலத்துத் தளபாடங்களோடு பேணப்படுகின்றன. ஹட்டன், பொகவந்தலாவைப் பக்கம் டில்மா குடும்பத்தார் 2005இலிருந்து பழைய தோட்டப் பங்களாக்களைப் பழைய பாணி மாறாமல் விடுதிகளாக நடத்துகிறார்கள். கந்தப்பளையில் ஹெதர்செட் தோட்டத்து ஸ்டோரே ஹோட்டலாகிவிட்டது. விடுதியாவது பொருளைக் கூரையின்கீழ் வைத்திருக்கிறது என்பதற்காக நன்றி சொல்லலாம். ஆனால் விடுதி தேடுவது பழமையின் சாயலை; பூர்வீகத்தை அல்ல. நுவரெலியாப் பங்களாவின் கூடத்தில் அம்பலாங்கொடையில் வாங்கிய கதிரை நின்றால் விருந்தினருக்கு ஒன்றும் குறையாது. வரலாற்றுக்குக் குறையும்.

சட்டம் வேறு வேலை செய்கிறது. 1970ஆம் ஆண்டு யுனெஸ்கோ உடன்படிக்கை நூறு ஆண்டு கடந்த தளபாடங்களையும் பண்பாட்டுச் சொத்தாகக் கணக்கிடுகிறது. இலங்கையின் 1988ஆம் ஆண்டுப் பண்பாட்டு ஆதனச் சட்டம் ஏற்றுமதிக்கும் வியாபாரத்துக்கும் அனுமதிப்பத்திரம் கேட்கிறது. இரண்டும் துறைமுகத்தில் நிற்கும் காவல். நோர்வுட்டிலிருந்து ஒரு மேசை கொழும்புக்கு இறங்குவதை அவை தடுக்காது; தடுக்கவும் தேவையில்லை. இறங்கும்போது எந்தத் தோட்டத்திலிருந்து இறங்கியது என்று எழுதிக்கொள்ள ஒரு ஆள்தான் தேவை.

அந்த ஆள் அரசிடமிருந்து வரவேண்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை. கம்பளைக்கு அருகே பழைய பீகாக் தோட்டத்து லயத்தில் சமூக அபிவிருத்தி நிறுவனம் 2007இல் தேயிலைத் தொழிலாளர் அருங்காட்சியகத்தைத் திறந்தபோது, கவ்வாத்துக் கத்தியும் கொழுந்துக் கூடையும் வரலாறுதான் என்பதை நிறுவிக்காட்டியது. பங்களாத் தளபாடத்தையும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். சுமந்தவரின் உழைப்பும் செய்த தச்சரின் கையும் அதில் இருப்பதால் அது துரையின் வரலாறு மட்டும் ஆகிவிடாது. பேராதனையிலும் மலையகக் கல்லூரிகளிலும் வரலாறு படிக்கும் பிள்ளைகள் ஒரு விடுமுறையில் ஒரு தோட்டத்தை எடுத்துக்கொள்ளலாம். பங்களாவுக்குப் போய் ஒவ்வொரு உருப்படியையும் முன்னும் பின்னும் அடியும் படமெடுக்கலாம். மரத்தையும் அளவையும் லாச்சி அடியிலுள்ள முத்திரையையும் குறிக்கலாம். ஓய்வுபெற்ற பங்களா வேலையாளையும் தச்சரின் பிள்ளைகளையும் உட்காரவைத்து, எது யார் காலத்தில் வந்தது, யார் செய்தது என்று கேட்டு எழுதலாம். சொல்லக்கூடியவர்களுக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. இதை வாசிக்கும் தோட்ட முகாமையாளர்கள் கேட்டைத் திறந்துவிட்டால் போதும். லயத்தில் தேயிலைப்பெட்டிப் பலகையில் செய்த அலுமாரி எதுவும் இன்னும் மிச்சமிருந்தால், தயவுசெய்து அதைப் பிரிக்க வேண்டாம்.